பேக்ஸ்விங்: தூக்குவதா, திரும்புவதா?

நேயர்களுக்கு வணக்கம். கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் புதிதாக ஆடவந்தவர்களைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பந்து தூரம் போகவில்லை என்றால், அடுத்த அடிக்குக் கிளப்பை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, இன்னும் பின்னால், இன்னும் மேலே கொண்டுபோவார்கள். அடிப்பதற்கு முன் கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும் இந்த பேக்ஸ்விங் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் பந்து போகும் என்று ஒரு நம்பிக்கை.

அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1991-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டியை வென்ற ஜான் டேலி, கிளப்பைத் தலைக்குப் பின்னால் சுழற்றித் தரையை நோக்கி இறங்கும் அளவுக்குக் கொண்டுபோவார். அவரளவு தூரம் அடித்தவர்கள் அப்போது மிகக் குறைவு. ஆனால் ஸ்பெயின்காரர் ஜான் ராமைப் பாருங்கள். வலது பாதம் உள்பக்கமாக வளைந்து பிறந்தவர். சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கணுக்கால் முழுதாக அசைந்து கொடுப்பதில்லை. அதனால் கிளப்பை முக்கால்வாசிதான் பின்னால் எடுப்பார். 2021 யு.எஸ். ஓப்பன், 2023 மாஸ்டர்ஸ் ஆகிய பெரிய போட்டிகளை அந்தக் குட்டையான பேக்ஸ்விங்கை வைத்துத்தான் வென்றார்.

அப்படியென்றால் நீளத்தை விட்டுவிடுவோம். உடம்பு திரும்புகிறதா, கை மட்டும் மேலே போகிறதா? நான் பார்ப்பது இதைத்தான். ஈரத் துணியைப் பிழிவது மாதிரி, கீழ்ப்பகுதி ஓரளவு நிலையாக இருக்க மேல்பகுதி முறுக வேண்டும். தோள் ஏறக்குறைய 90 டிகிரி, இடுப்பு அதில் பாதி என்பது பொதுக் கணக்கு. அந்த முறுக்கு அவிழும்போதுதான் வேகம் பிறக்கிறது. தோள் நின்றுவிட்ட பிறகும் கிளப் மேலே போனால், இடது முழங்கை மடங்கிவிடும். கண்ணாடியில் பார்க்கப் பெரிய ஸ்விங் மாதிரி இருக்கும், பந்துக்கு அதனால் லாபமில்லை. வலக்கை ஆட்டக்காரர்களை வைத்துச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கோளாறு, கிளப் பின்னால் நகரும் முதல் ஒன்றரை அடி தூரத்திலேயே வந்துவிடுகிறது. மணிக்கட்டைச் சட்டென்று உருட்டிக் கிளப்பை உடம்புக்குப் பின்னால் இழுத்துவிடுகிறார்கள். அப்படிப் போன கிளப் திரும்பி வர வழி தேடி, தோளுக்கு மேலாக வெளியே சுற்றி வந்து பந்தை வெட்டுகிறது. பந்து வலப்பக்கம் வளைந்து போவதை ஸ்லைஸ், ஸ்லைஸ் என்று புலம்புகிறார்களே, அதில் பெரும்பங்கு இதுதான். மார்பு, கை, கிளப் மூன்றும் சேர்ந்து புறப்படட்டும். கிளப் தரைக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கிளப்பின் தலை உங்கள் கைக்கு நேராக இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது.

இன்னொன்று, திரும்புவதற்குப் பதிலாக வலப்பக்கம் சாய்ந்துவிடுவது. இடுப்பு நகர்ந்து, எடை வலது பாதத்தின் வெளி விளிம்புக்குப் போய்விடும். அந்த வெளி விளிம்புக்கு அடியில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு பழகுங்கள். எடை வெளியே போக முடியாது, இடுப்பு வேறு வழியில்லாமல் திரும்பும்.

சரி, ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, 90 டிகிரி எங்கிருந்து வரும்? வராது. வற்புறுத்தினால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். இடது குதிகாலைக் கொஞ்சம் தூக்கவிடுங்கள். மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லாஸே குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார். குதிகாலைத் தரையோடு ஒட்டவைத்தே ஆக வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வலது கால் விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி நின்றாலும் உடம்பு இன்னும் கொஞ்சம் திரும்பும்.

அப்புறம் வேகம். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குக் கிளப் மேலே போக ஆகும் நேரம், கீழே பந்துக்கு வரும் நேரத்தைப் போலச் சுமார் மூன்று மடங்கு. 2021 மாஸ்டர்ஸை வென்ற ஹிடெக்கி மட்சுயாமா உச்சியில் ஒரு கணம் நிறுத்துவதே வெளிப்படையாகத் தெரியும். நம்மவர்களோ மேலே போய்ச் சேரும் முன்பே கீழே இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

வீட்டில் பழக ஒரு வழி. கிளப்பை மார்பின் குறுக்கே வைத்து, கைகளைக் கட்டி அணைத்துக்கொண்டு, பந்தை அடிக்க நிற்பது போல முன்னால் குனிந்து நில்லுங்கள். இடது தோள் தாடைக்குக் கீழே வரும்வரை மெதுவாகத் திரும்புங்கள். கைக்கு அங்கே வேலையே இல்லை. அது பழகிய பிறகு ஏழாம் எண் ஐயன் (iron) என்ற நடுத்தர தூரக் கிளப்பை எடுத்து அரை ஸ்விங்கில் பந்தை அடித்துப் பாருங்கள். மிகத் தூரம் அடிக்கும் நீளக் கிளப்பான டிரைவர் அதுவரை பையிலேயே இருக்கட்டும். நன்றி, வணக்கம்.