இடுப்பில் விழும் தள்ளு

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங்கை ஓரிரு நிமிடமாவது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட் போட்ட ஐந்தாறு பேர் இடப்பக்கம் சாய்ந்து, விரல் நுனி பனியில் உரச, வளைவில் பாய்வார்கள். ஒருவர் சறுக்கி விழுவார். பக்கத்தில் வந்தவரும் அவரோடு சேர்ந்து சுவர் மெத்தையில் போய் மோதுவார். "இதெல்லாம் அதிர்ஷ்ட விளையாட்டு" என்று சொல்லிவிட்டு வேறு சேனலுக்குப் போயிருப்பீர்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, தனிநபர் பந்தயங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு ரிலேக்குப் போகிறேன்.

முதலில் களம். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள பனித்தளத்துக்குள் 111.12 மீட்டர் சுற்றளவில் ஒரு முட்டை வடிவத் தடம். தனித்தனிப் பாதை கிடையாது. வளைவுகளில் கறுப்பு ரப்பர் கட்டைகள் மட்டும் எல்லை காட்டும். எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டியிருப்பதால், பிளேடைக்கூட காலணியின் நடுவில் வைக்காமல் சற்று இடப்புறம் நகர்த்தித்தான் பொருத்துகிறார்கள். கடிகாரம் இங்கே இரண்டாம்பட்சம். யார் முந்தி வந்தார் என்பதே கணக்கு.

இந்தச் சிறிய தடத்தில்தான் ரிலேயும் நடக்கிறது. பெண்களுக்கு 3000 மீட்டர், 27 சுற்று. ஆண்களுக்கு 5000 மீட்டர், 45 சுற்று. அணிக்கு நான்கு பேர். நான்கு அணிகள் என்றால் ஒரே நேரத்தில் பதினாறு பேர் பனியில் இருப்பார்கள். நால்வர் தடத்தில் ஓட, மற்றவர்கள் உள்வட்டத்தில் தங்கள் முறைக்காகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கையில் கோல் எதுவும் கிடையாது. ஒருவரை ஒருவர் தொட்டால் போதும் என்பது விதி. ஆனால் வெறுமனே தொட்டுவிட்டுப் போகிறவர் யாருமில்லை. அடுத்து ஓட வேண்டியவர் உள்ளிருந்து நேர்ப்பாதைக்கு வந்து முன்னால் குனிவார். பின்னால் வருபவர் இரு கைகளாலும் அவர் இடுப்பில் ஓங்கித் தள்ளுவார். களைத்த உடம்பில் மிச்சமிருக்கும் வேகம் முழுவதும் களைக்காத உடம்புக்குப் போய்ச் சேரும். பெரும்பாலும் ஒன்றரைச் சுற்றுக்கு ஒருமுறை இது நடக்கும். எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்தது இந்தத் தள்ளுதான். ஒரு விநாடி பிந்தி வந்தாலும், உள்ளிருந்து கொஞ்சம் கோணலாக நுழைந்தாலும், முந்தைய பத்துச் சுற்றில் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும்.

2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக். பெண்கள் ரிலேயின் அரையிறுதிப் பந்தயம். இன்னும் 23 சுற்று இருக்கும்போது கொரிய அணியின் லீ யூபின் விழுந்துவிட்டார். விழுந்தவரை அணியில் யார் வேண்டுமானாலும் தொட்டு ஓட்டத்தைத் தொடரலாம். சோய் மின்ஜியோங் பாய்ந்து வந்து தொட்டார். மற்ற மூன்று அணிகளும் வெகுதூரம் முன்னால். அரங்கமே கொரியா அவ்வளவுதான் என்று நினைத்திருக்கும். அவர்களோ பதறவில்லை. தள்ளுக்குத் தள்ளு இடைவெளியைக் குறைத்து, முதலாவதாக முடித்தார்கள். அதுவும் 4 நிமிடம் 6.387 விநாடியில், ஒலிம்பிக் சாதனையோடு! விழுந்து எழுந்த அணி சாதனை படைத்ததை எந்த அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவது?

இறுதிப் போட்டியின் கதை வேறு. கொரியா தங்கம் வென்றது. சீனாவுக்கும் கனடாவுக்கும் நடுவர்கள் தண்டனை விதித்தார்கள்; இத்தாலிக்கு வெள்ளி. வெண்கலத்துக்கு ஆளில்லை. ஆகவே, தகுதி பெறாத அணிகளுக்கான 'பி' இறுதியில் வென்ற நெதர்லாந்துக்கு அது போனது. அந்த 'பி' இறுதியில் நெதர்லாந்து படைத்தது உலக சாதனை. நேரத்தை மட்டும் பார்த்தால் தங்கம் வென்ற கொரியாவைவிட வேகம். இது அநியாயம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு அணிகள் முட்டி மோதும் களத்தில் தடுமாறாமல் தள்ளுவது தனிக் கலை.

ஸ்டீவன் பிராட்பரியைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் கடிதம் போடுவீர்கள். 2002, சால்ட் லேக் சிட்டி, 1000 மீட்டர் இறுதி. கடைசி வளைவில் முன்னால் போன நால்வரும் விழ, பின்தங்கி வந்த இந்த ஆஸ்திரேலியர் தங்கம் வென்றார். 'அதிர்ஷ்டம்' என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது அவரால்தான். ஆனால் 1994-இல் லில்லேஹாமரில் ஆஸ்திரேலியா வாங்கிய முதல் குளிர்கால ஒலிம்பிக் பதக்கம் ஷார்ட் டிராக் ரிலேயில் கிடைத்த வெண்கலம். அந்த நால்வரில் பிராட்பரியும் ஒருவர். இதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

2022 பெய்ஜிங்கிலிருந்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 2000 மீட்டர் ரிலேயும் ஒலிம்பிக்கில் உண்டு. முதல் தங்கம் சீனாவுக்கு. அடுத்த முறை ரிலே பார்க்கும்போது, முன்னால் ஓடுபவரை விட்டுவிட்டு உள்வட்டத்தில் காத்திருப்பவரைக் கவனியுங்கள். அவர் எப்போது வேகமெடுக்கிறார், எந்த இடத்தில் குனிகிறார் என்று பாருங்கள். கடைசி இரண்டு சுற்றையும் ஒருவரே ஓட வேண்டும். யாரும் விழாதவரை அதற்குமேல் மாற்ற முடியாது. ஆகவே அதற்கு முந்தைய தள்ளை மட்டும் தவறவிடாதீர்கள்.

நன்றி. வணக்கம்.