அடிமையா இருந்த ட்ரெட் ஸ்காட் எப்படி வழக்குப் போட்டாரு?

அடுத்த கேள்வி. போன வீடியோல, விடுதலை கேட்டு வழக்குப் போட்ட ட்ரெட் ஸ்காட்ங்கிற அடிமையோட கேஸ்ல 1857-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பைப் பத்திப் பேசினோம்ல, அதுக்கு ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "அடிமைக்கு உரிமையே கிடையாதுன்னா, ஸ்காட் கோர்ட்டுப் படி ஏறினதே எப்படி? குடிமகனா இல்லையாங்கிற பேச்சு அங்க ஏன் வந்துச்சு?"

சரியான எடத்துலதான் கை வச்சிருக்காங்க. இதுல மாநில கோர்ட் வேற, மத்திய கோர்ட் வேற. அதைப் பிரிச்சுப் பாத்தா புரிஞ்சிடும்.

மிசௌரி மாநிலச் சட்டத்துல, "நான் சுதந்திரமானவன், என்னை அநியாயமா அடிமையா வச்சிருக்காங்க"ன்னு அடிமையே வழக்குப் போட வழி இருந்துச்சு. 1846 ஏப்ரல்ல செயின்ட் லூயிஸ்ல ஸ்காட்டும் அவரு சம்சாரம் ஹாரியட்டும் தனித்தனியா மனு போட்டாங்க. ஸ்காட்டோட எஜமான் எமர்சன் ராணுவ டாக்டர். மாத்தலாகிப் போன எடத்துக்கெல்லாம் இவரையும் கூட்டிட்டுப் போனாரு. முதல்ல இல்லினாய், அப்புறம் இன்னைக்கு மினசோட்டால இருக்கிற ஃபோர்ட் ஸ்னெல்லிங். ரெண்டு எடத்துலயும் அடிமைமுறைக்குத் தடை. அப்படிப்பட்ட மண்ணுல போய் வாழ்ந்தவங்களுக்கு மிசௌரி கோர்ட்டே பல வருஷமா விடுதலை குடுத்துட்டுதான் வந்துச்சு.

1847-ல நடந்த விசாரணை இருக்கே, அது ஒரு கூத்து. எமர்சன் அதுக்குள்ள செத்துட்டாரு. அவரோட விதவைதான் இப்ப இவங்களை வச்சிருக்காங்கன்னு காட்டணும். அந்தம்மாகிட்ட இருந்து ஸ்காட் தம்பதியை வாடகைக்கு எடுத்திருந்த ஒருத்தரு சாட்சிக் கூண்டுல ஏறினாரு. குறுக்கு விசாரணைல, "வாடகைக்குப் பேசினது எல்லாம் என் சம்சாரம்தாங்க"ன்னுட்டாரு. அடுத்தவங்க சொல்லிக் கேட்டது சாட்சியமாகாது, கேஸ் போச்சு. அதாவது, அந்தம்மாதான் எஜமானின்னு நிரூபிக்க முடியலையாம், அதனால அந்தம்மாகிட்டயே அடிமையா இருக்கணுமாம்! 1850-ல மறுவிசாரணைல ஜெயிச்சாங்க. 1852-ல மாநில உச்ச நீதிமன்றம் அதைக் கவுத்துடுச்சு.

அதுக்கப்புறம்தான் மத்திய கோர்ட். அங்க போக இருந்த வழி, ஒரு மாநிலத்துக் குடிமகன் இன்னொரு மாநிலத்துக் குடிமகன் மேல வழக்குப் போடறது. எதிராளி, அந்த விதவையோட அண்ணன் சான்ஃபோர்ட், நியூயார்க்காரரு. கோர்ட் பதிவுல ஒரு எழுத்தைக் கூடுதலாப் போட்டு சாண்ட்ஃபோர்டுன்னு எழுதிட்டாங்க, இன்னைக்கும் வழக்குப் பேரு அந்தத் தப்போடதான் இருக்கு. சரி, அப்ப ஸ்காட் மிசௌரி குடிமகனா? இந்த வாசல் வழியாத்தான் அந்தப் பேச்சு உள்ள வந்துச்சு.

கேஸ் கடைசில அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. அங்க தலைமை நீதிபதி டானி சொன்ன பதில்: அடிமையாக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோட வம்சம், சுதந்திரமா இருந்தாலும் குடிமக்கள் ஆக முடியாது. அப்ப வழக்கைக் கேக்கவே கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லைன்னு ஆகுதுல்ல? அதோட கேஸ் கட்டை மூடி வச்சிருக்கணும். மூடல. வடக்குப் பிரதேசங்கள்ல அடிமைமுறையைத் தடுத்த 1820 மிசௌரி ஒப்பந்தமும் செல்லாதுன்னு சேத்து எழுதினாரு. என் பார்வைல, அந்தத் தீர்ப்புல சட்டம் அரசியலா மாறின எடம் இதுதான்.

நீதிபதிங்கள்ல ஏழு பேரு ஒரு பக்கம், ரெண்டு பேரு எதிர்ப்பு. அந்த ரெண்டு பேருல ஒருத்தரான கர்டிஸ் இதையேதான் கேட்டாரு. அதோட, அரசியல் சட்டத்துக்கு முன்னாடியே அஞ்சு மாநிலத்துல சுதந்திரக் கறுப்பர்கள் ஓட்டுப் போட்டிருக்காங்களேன்னு கணக்கு காட்டினாரு. அதே வருஷம் பதவியையும் விட்டுட்டாரு.

ஸ்காட்டுக்கு 1857 மே மாசமே விடுதலை கெடைச்சுது, ஆனா கோர்ட் குடுக்கல. எமர்சனுக்கு முன்னாடி இருந்த எஜமான் வீட்டுப் பிள்ளை ஒருத்தரு அவரைத் தன் பேருக்கு மாத்திக்கிட்டு விடுவிச்சாரு. செயின்ட் லூயிஸ்ல ஒரு ஹோட்டல்ல பெட்டி தூக்கற வேலை பாத்தாரு ஸ்காட். 1858 செப்டம்பர்ல காசநோய்ல எறந்துட்டாரு. அமெரிக்க மண்ணுல பொறந்து அதோட சட்டத்துக்கு உட்பட்டவங்க குடிமக்கள்தான்னு பதினாலாவது திருத்தம் வந்தது 1868-ல.

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம்.