ஊரோடு கட்டுண்டவர்கள்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். ‘ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்குக் கிராமங்களில் சொகுசு விடுதிகளை நடத்தத் தகுந்தவர்கள் பரம்பரைக் குடும்பங்களா, பெருநிறுவனங்களா?’ என்ற தலைப்பில், குடும்பங்களே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டை எடுத்துக்காட்டினார். இராணுவம் படிப்படியாக வெளியேறியதால் களையிழந்திருந்த அந்த ஊரில் எகிப்தியத் தொழிலதிபர் சமீஹ் சவிரிஸ் பெரும்பணத்தை இறக்கினார் என்றும், 2013இல் ‘தி செடி’ விடுதி திறக்கப்பட்டது என்றும் சொல்லி, எந்தக் குடும்பத்தால் இது முடியும் என்று கேட்டார். முடியாதுதான், மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 2022இல் அங்குள்ள இழுவைக் கம்பி ஊர்திகளையும் சறுக்குதளங்களையும் நடத்தும் நிறுவனத்தின் 55 விழுக்காட்டுப் பங்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த வெய்ல் ரிசார்ட்ஸ் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போனது. ஆண்டர்மாட்டின் மலைச்சரிவு குறித்த பெரிய முடிவுகளில் இன்று கொலராடோவின் கை ஓங்கியிருக்கிறது.

ஆஸ்திரியாவின் லெஹ் கிராமத்தைப் பாருங்கள். சுமார் 1,450 மீட்டர் உயரத்தில், மாடு வளர்த்துப் பிழைத்த வால்சர் என்னும் மலைக்குடிகளின் ஊர் அது. 1897இல் ஃபிளெக்ஸன் கணவாய்ச் சாலை அமையும்வரை குளிர்காலத்தில் வெளியுலகோடு தொடர்பு அரிதாகவே இருந்தது. பக்கத்து ஊரான சூர்ஸில் 1937இல் சறுக்குவோரைச் சரிவில் மேலே இழுத்துச் செல்லும் ஆஸ்திரியாவின் முதல் பனிச்சறுக்கு இழுவை இயங்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வீட்டின் ஓர் அறையை விருந்தினருக்கு ஒழித்துக் கொடுத்த குடியானவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றைய விடுதிக்காரர்கள் பலர். அவர்களுடைய உணவுக்கூடத்தில் ஊசியிலை மரப்பலகை வேய்ந்த சுவர்களுக்கு நடுவே ஓடு பதித்த கணப்பு அடுப்பு இருக்கும். மாலையில் வீட்டு அம்மாள் மரபு உடையில் மேசை மேசையாக வந்து, சென்ற ஆண்டு முழங்கால் பிசகியவரிடம் இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்பார். ஊருக்குக் கிளம்பும் முன்பே அடுத்த ஆண்டுக்கு அதே அறையைப் பேசிவிட்டுப் போகும் குடும்பங்கள் அங்கே உண்டு. இந்த நினைவாற்றல் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் வராது.

அதைவிடப் பெரிய சான்று ஒன்றும் இருக்கிறது. லெஹ் வட்டாரத்தின் சரிவுகளில் ஒரு நாளைக்குச் சுமார் 14,000 பேர் சேர்ந்துவிட்டால் நாள் சீட்டு விற்பனையை நிறுத்திவிடுகிறார்கள். வாசலில் காசோடு நிற்பவரைத் திருப்பியனுப்பும் முடிவு அது! காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஒருவர் இதற்கு எளிதில் உடன்பட மாட்டார். முப்பது ஆண்டு கழித்துத் தன் மகள் இதே வாசலில் நின்று விருந்தினரை வரவேற்க வேண்டுமே என்று கருதுபவர் உடன்படுவார். விடுதி நடத்தும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் இம்முடிவு நிலைத்திருப்பது தற்செயல் அன்று என்பது என் உறுதியான கருத்து.

வாரிசு இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்கள். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் 1896இல் திறக்கப்பட்ட பத்ருட்ஸ் பேலஸ் விடுதியே அதற்கு விடை. பிள்ளைகள் இல்லாத கடைசி பத்ருட் தம்பதியர், அதைச் சங்கிலி நிறுவனத்துக்கு விற்காமல், தம்மோடு உழைத்து அதை நிர்வகித்தவருக்கே விட்டுச் சென்றார்கள்.

குடும்பங்களும் ஒருகாலத்தில் வெளியூர் முதலாளிகள்தாமே என்பது அவர்களுடைய கடைசிக் கேள்வி. ஆம், சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரில் விடுதி நடத்திய அலெக்சாண்டர் சைலர் அப்படித்தான் வந்தார். செர்மாட் இருக்கும் அதே வாலே மாநிலத்தின் வேறொரு பள்ளத்தாக்கிலிருந்து வந்து, 1850களில் மோன்டே ரோசா விடுதியைத் தொடங்கினார். 1865இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் எட்டிய எட்வர்ட் விம்பர் தங்கிய இடம் அது. ஊர்க்குடியுரிமை பெற்றால் பொதுக்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பங்கு கிடைக்கும் என்பதால் செர்மாட் மக்கள் அவருக்கு அதைத் தர மறுத்தார்கள். அவருக்குப் போட்டியாகத் தாங்களே கூடி உழைத்து, 1879இல் செர்மாட்டர்ஹோஃப் என்ற விடுதியையும் திறந்தார்கள். சைலர் ஊரைவிட்டுப் போகவில்லை. பல்லாண்டுகள் வழக்காடி 1889இல் அந்த உரிமையைப் பெற்றார், ஈராண்டுகளில் மறைந்தார். தான் தொழில் செய்யும் ஊரின் குடியாகியே தீருவேன் என்று இப்படி வாழ்நாளெல்லாம் போராடிய பெருநிறுவனம் ஒன்றை எதிரணியினர் இந்த மேடையில் காட்டட்டும், நடுவர் அவர்களே!