மூஞ்சியை விடுங்க, காசைத் திருப்புங்க!

வாங்க மக்களே. இன்னைக்கு டேபிள்ல இருக்கறது நாலாம் நூற்றாண்டு ரோமன் வெண்கலக் காசு. கட்டைவிரல் நகம் அளவுதான், 15 மில்லிமீட்டர். கமெண்ட்ல எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: "ப்ரோ, இது எந்த ராஜா?" அதைக் கடைசியா பாத்துக்கலாம். பேரரசர் கான்ஸ்டன்டைன், அவர் பசங்க எல்லாருக்கும் காசுல கிட்டத்தட்ட ஒரே முகம்தான். முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா விடிஞ்சிரும்.

திருப்புங்க. ரெண்டு படைவீரங்க எதிரெதிரா நிக்கறாங்க, நடுவுல கொடிக்கம்பம். எத்தனை கம்பம்? ரெண்டுன்னா 330ல இருந்து 335க்குள்ள. இங்க ஒண்ணுதான். 335வாக்குல காசோட எடையைக் குறைச்சாங்க, கம்பமும் ஒண்ணாச்சு. ஆக, இது அதுக்கு அப்புறம் அடிச்சது.

அடுத்து, கால்கிட்ட ஒரு கோடு, அதுக்குக் கீழ எழுத்து. டார்ச்சை நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க... ஆங், தெரியுதா? எஸ், எம், கே, கடைசியில முக்கோணம் மாதிரி டெல்டா. கே-ன்னா சிசிகஸ், காசு அடிச்ச ஊரு, இப்போ துருக்கியில இருக்கு. டெல்டான்னா அந்த ஊர்ல நாலாவது பட்டறை. இதுல ஒரு வில்லங்கமும் உண்டு. 'கான்ஸ்ட்'னு இருந்தா உடனே கான்ஸ்டான்டினோபிள்னு எழுதிராதீங்க. அதுக்கு முன்னாடி பியோ எஸ்ஸோ இருந்தா அது பிரான்ஸ்ல இருக்கற ஆர்ல். கான்ஸ்டான்டினோபிள்ல பட்டறை எழுத்து பின்னாடிதான் வரும்.

எழுத்து தெரியலன்னு புளி போட்டுத் தேய்க்கற ஆளுங்க இருக்கீங்க, தெரியும். குத்துவிளக்கா இது? மேல படிஞ்ச பச்சை போச்சுன்னா எழுத்தும் சேர்ந்து போயிரும். டிஸ்டில்டு வாட்டர்ல ஊறட்டும், பொறுமையா.

நம்ம கரூர் அமராவதி ஆத்து மணல்லயும் இந்த நூற்றாண்டுக் காசு நிறைய கிடைச்சிருக்கு. தேஞ்ச காசுக்கும் இதே வழிதான்.

இப்போ முன்பக்கம். 'நாப் சி'ன்னு முடியுது. அப்படின்னா சீசர், இளவரசர். இன்னும் பேரரசர் ஆகல. கான்ஸ்டன்டைன் 337 மே மாசம் இறந்தார், பசங்க செப்டம்பர்ல பட்டத்துக்கு வந்தாங்க. அதனால 335க்கும் 337க்கும் நடுவுல!

பேர்ல 'டியஸ்' மட்டும் மிஞ்சியிருக்கு. கான்ஸ்டன்டைனோட மகன் கான்ஸ்டான்டியஸா, 337லயே கொல்லப்பட்ட தம்பி மகன் டெல்மேஷியஸா? ரெண்டு பேரும் லத்தீன்ல டி-ஐ-வி-எஸ்னுதான் முடியும். அந்த டிக்கு முன்னாடி ஏ இருந்தா டெல்மேஷியஸ், அபூர்வம். என் இருந்தா கான்ஸ்டான்டியஸ், குவியல் குவியலா கிடைக்கும். ஜூம் பண்றேன்... ரெண்டு நேர்கோடு, நடுவுல சாய்வா ஒண்ணு.

என்-தான், மக்களே. சரி, அடுத்த காசை எடுப்போம்.