எட்டாவது புத்தகம் மட்டும் பொறுங்கோ

நடுவர் அவர்களே, சபையில் இருக்கிற பெரியோரே, வாசிகசாலைப் பிள்ளைகளே, வணக்கம்.

துப்பறியும் தொடர்கள் போகப்போகச் சோர்ந்துபோகும் என்று எதிரணித் தம்பி வடிவாகத்தான் கதைத்தார், நானும் கைதட்டினேன். ஆனால் அவர் கூட்டிவந்த சாட்சிகளை ஒருக்கால் குறுக்கு விசாரணை செய்யாமல் விடேலாது.

முதல் சாட்சி ஷெர்லொக் ஹோம்ஸ். 1927இல் வந்த கடைசித் தொகுப்பில் சப்பைக் கதைகள் இருக்கு என்றார். சரி, இருக்கு. ஆனால் தம்பி, முதல் நாவலை எப்ப கடைசியாக எடுத்துப் பார்த்தீர்? 1887இல் வந்தது, கொலைகாரனைப் பிடித்த கையோடு கதை லண்டனை விட்டுவிட்டு அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போய்விடுகிறது, பக்கம் பக்கமாகப் புரட்டுகிறோம், ஹோம்ஸைக் காணவில்லை! எழுதினவருக்கே இந்த ஆளை வைத்து என்ன செய்வதென்று அப்ப பிடிபடவில்லை. பேந்து அலுத்துப்போய் 1893இல் ஹோம்ஸை அருவிக்குள் அனுப்பிக் கதையை முடித்தார் கொனன் டொயில். அதோடு நின்றிருந்தால் 1901இல் தொடங்கிய அந்த பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதை எங்களுக்கு ஏது? ஹோம்ஸ் வாசிக்காத ஆக்களுக்கும் தெரிந்த கதை அதுதான்.

எழுத்தாளர் இயன் ரேங்கினை எடுங்கோ. எடின்பரோ பொலிஸ்காரர் ரீபஸின் முதல் கதை 1987இல் வந்தது. பெரிய விருதான கோல்ட் டாகர் கிடைத்தது 1997இல், 'பிளாக் அண்ட் புளூ'வுக்கு. அது எத்தனையாவது புத்தகம்? எட்டாவது! ரீபஸுக்கு வயது போகிறது, உடம்பு தளர்கிறது, 2007இல் வேலையிலிருந்து ஓய்வும் பெறுகிறார். அந்த வயது போகிறதைப் பார்க்கத்தான் சனம் அடுத்த புத்தகத்தை வாங்கியது, கொலைகாரன் ஆரென்று அறிய மட்டுமில்லை.

அகதா கிறிஸ்டிக்குக் கடைசிக் காலத்தில் கை தளர்ந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். 1920இல் வந்த முதல் நாவலிலேயே அவரின் துப்பறிவாளர் புவாரோ ஓய்வு பெற்ற மனுசன், 1972இலும் துப்பறிந்துகொண்டிருக்கிறார், வயதைக் கூட்டிப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அது எழுதினவரின் முதுமை. அதற்குப் போய்த் தொடரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? அவரே உலக யுத்தக் காலத்தில், தெம்பாக இருக்கும்போது, புவாரோவின் கடைசிக் கதையை எழுதிப் பூட்டி வைத்தவர். 1975இல்தான் 'கர்ட்டன்' என்று வெளியே வந்தது. புவாரோவும் அவரின் கூட்டாளி ஹேஸ்டிங்ஸும் முதல் கதை நடந்த அதே ஸ்டைல்ஸ் வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், வாசிக்காத பிள்ளைகள் இருக்கினம். ஆனால் அதை முதல் புவாரோ புத்தகமாக எடுத்து வாசித்தால் நெஞ்சில் ஒன்றும் செய்யாது. முன்னுக்கு அத்தனை கதை இருக்கிறதால்தான் அந்த அடி விழுகிறது.

அப்புறம் எங்கட ஆக்களுக்கு வருவம். 1968இல் குமுதத்தில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' வந்தபோது வக்கீல் கணேஷ் மட்டும்தான், உதவியாளர் வசந்த் இல்லை. இந்தச் சபையில் கணேஷ் என்று சொன்னால் கூடவே வசந்த் என்று சொல்லாத ஆள் ஒருத்தர் கை தூக்குங்கோ பார்ப்பம்! வசந்த் பிறகு வந்து சேர்ந்த பொடியன், அவன் வந்தபிறகுதான் அந்த அலுவலகத்தில் உயிரே வந்தது. மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் ஞாபகம் இருக்குத்தானே? கதைக்குக் கதை வசந்த் அதைச் சொல்ல வெளிக்கிடுவான், ஒருநாளும் முழுக்கச் சொல்ல விடமாட்டார் சுஜாதா. ஒரே ஒரு கதையில் வந்திருந்தால் அது வாசித்துவிட்டு மறந்துபோகிற ஒரு வரி. இத்தனை வருசமாக நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோமே, அந்த ஜோக் என்னவென்று!

அடுத்ததாக எதிரணி அக்கா வருகிறா. வாதத்தைப் பிறகு வைக்கட்டும். முதல் புத்தகத்தோடேயே நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு துப்பறிவாளரின் பெயரை முதலில் இந்தச் சபைக்குச் சொல்லட்டும், நடுவர் ஐயா.