நர்ஸிங் ஸ்டூடன்ட் பாக்கெட்டைக் கவிழ்த்தா என்ன விழும்? கிராமத்துக்குப் போற பை சொல்லித்தர்ற பாடம்

[காட்சி: மேசை மேல ஒரு வெள்ளைக் கோட். ரெண்டு கை அதோட பாக்கெட்டை மெதுவா கவிழ்க்குது.]

போஸ்டிங், அதாவது வார்டு பயிற்சி, முடிஞ்சு ஹாஸ்டலுக்கு வந்தாச்சு. கோட்டைக் கழட்டி பாக்கெட்டைக் கவிழ்த்துப் பாருங்க. மூடி தொலைஞ்ச பேனா, கசங்கின துண்டுச் சீட்டு, பிளாஸ்டர் பசை ஒட்டின கத்தரிக்கோல், பாதி ரோல் மைக்ரோபோர் பிளாஸ்டர். அதோட, சுருட்டி வெச்ச ஒரு ஜோடி கிளவுஸ்.

அந்த கிளவுஸ் புதுசா, போட்டுக் கழட்டினதா? பார்த்துச் சொல்ல முடியுதா? முடியாது. இந்த வீடியோவே அதைப் பத்தித்தான். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு லிஸ்ட் எல்லா காலேஜும் கொடுத்துடும். ஒவ்வொண்ணும் எங்க இருக்கணும், எதைத் தொட்ட பிறகு எதைத் தொடலாம்னு யாரும் அந்த லிஸ்ட்ல எழுதித் தர்றதில்ல.

வணக்கம் மக்களே. பி.எஸ்சி. நர்ஸிங், டிப்ளமோ நர்ஸிங் முதல் வருஷத்துல இருந்து வார்டுக்குப் போற எல்லாருக்குமான வீடியோ இது. அடிப்படை லிஸ்டை ஒரே மூச்சுல சொல்லிடறேன்: ஐ.டி. கார்டு, நேம் பேட்ஜ், நொடி முள் இருக்கிற வாட்ச், பேனா, பாக்கெட் நோட்டு, ஸ்டெத், பென் டார்ச், முனை மழுங்கின கத்தரிக்கோல், லாக் புக், பி.பி. அப்பரேட்டஸ், சின்ன ஹேண்ட் ரப் பாட்டில். லிஸ்ட் முடிஞ்சது. இதுல ரெண்டு பொருளைப் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு பேசலாம்.

முதல்ல பேனா. அழுத்தினா திறக்கிற பால்பாயின்ட் பேனாவா வாங்குங்க. மூடி போட்ட பேனாவைத் திறக்க ரெண்டு கை வேணும். ஒரு கையில கேஸ் ஷீட், அதாவது நோயாளியோட குறிப்புத் தாள், இருக்கும்போது மூடி நேரா வாய்க்குத்தான் போகும். அதே பேனாவை அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு நோயாளியோட கட்டில் விளிம்புல வெச்சிருப்பீங்க. ஜெல் பேனாவும் வேண்டாம், ஈர விரல் பட்டா எழுத்து இழுத்துடும். நீலம், சிவப்பு, கறுப்பு மூணும் கையில இருக்கட்டும். எதை எந்த மையில எழுதணும்ங்கிறது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். முதல் நாளே வார்டு சிஸ்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

அடுத்து வாட்ச். நெஞ்சுல தலைகீழா குத்தித் தொங்கவிடற ஃபாப் வாட்ச் பார்த்திருப்பீங்க. அதுல பன்னிரண்டு கீழ்ப்பக்கம் இருக்கும். எதிர்ல நிக்கிறவங்களுக்குத் தலைகீழ், குனிஞ்சு பார்க்கிற உங்களுக்கு நேர்! எவ்வளவு அழகான யோசனை பாருங்க. மணிக்கட்டுல எதுவும் இல்லாததால கை கழுவும்போது சோப்பு மணிக்கட்டு வரைக்கும் போகும். ஒரு கை நாடியில இருந்தாலும் நேரம் தெரியும்.

நொடி முள் எதுக்குன்னா, கணக்குக்கு. பதினஞ்சு நொடி எண்ணி நாலால பெருக்கும்போது ஒரு துடிப்பு தவறினா சார்ட்ல நாலு தவறும். நாடி சீரா இல்லேன்னா முழுசா 60 நொடி எண்ணணும். மூச்சை எப்பவுமே 60 நொடி எண்ணுங்க. அதையும் நோயாளிக்குத் தெரியாம எண்ணணும், தெரிஞ்சா மூச்சு விடற வேகமே மாறிடும். அதனால நாடி பார்த்து முடிச்ச விரலை எடுக்காம, அப்படியே வெச்சுக்கிட்டு நெஞ்சு ஏறி இறங்கறதைப் பாருங்க. டிரிப்ஸுக்கும் இதே வாட்ச்தான். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழற செட்ல 500 மில்லி எட்டு மணி நேரத்துல இறங்கணும்னா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 21 சொட்டு. இதை மொபைல் பார்த்து எண்ணலாமான்னு கேட்காதீங்க. பல வார்டுல மொபைலே கூடாது, அது நல்ல விதிதான்.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். லைக் பட்டன் பக்கத்துலயே இருக்கு, ஒரு தட்டு தட்டிட்டு வாங்க.

[காட்சி: கம்யூனிட்டி பை. வெளிப்பக்க ஜிப் மட்டும் திறந்திருக்கு.]

கம்யூனிட்டி போஸ்டிங்ல, அதாவது வீடு வீடா போய்க் கவனிக்கிற பயிற்சியில, கிராமத்துக்குத் தூக்கிட்டுப் போற பை இது. வீடு தேடிப் போய் நர்ஸ் கவனிக்கிற முறை 1859ல லிவர்பூல்ல வேர் விட்டது. வில்லியம் ராத்போன்ங்கிற வணிகர் தன் மனைவியைக் கவனிச்ச மேரி ராபின்சன்ங்கிற நர்ஸையே ஏழை நோயாளிகள் வீட்டுக்கு அனுப்பினார். வரலாறு அவ்வளவு போதும், பைக்குள்ள போகலாம்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கோழியும் குழந்தையும் வராத இடமா பார்க்கணும். அங்க செய்தித்தாளை விரிக்கணும், ரெண்டு மூணு தாள் தடிமனா. அதுக்கு மேலதான் பை. தரையிலயோ கட்டில்லயோ நேரா வைக்கவே கூடாது. பையோட வெளி அறையை மட்டும் திறக்கணும். அதுல செய்தித்தாள், சோப்பு, நெயில் பிரஷ், துண்டு மட்டும்தான் இருக்கும். முதல்ல கை கழுவணும். கழுவின கையாலதான் உள் அறையைத் திறக்கணும். ஏப்ரன் போடறது, தேவையானதை மட்டும் எடுத்து வெளியில வைக்கிறது, அப்புறம் பையை மூடறது. இந்த மூடற வேலையைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. வேலை நடக்கிற நேரம் முழுக்க பை மூடியே இருக்கணும். நடுவுல பஞ்சு பத்தலையா? திரும்பக் கை கழுவாம உள்ளே கை விடக் கூடாது. அதனாலதான் எடுக்கிறதுக்கு முன்னாடியே யோசிச்சு எடுக்கணும்.

செய்தித்தாள் எதுக்குன்னு கேட்டா, அது உலர்ந்த பொருள், எந்தக் கடையிலயும் கிடைக்கும், திரும்ப எடுத்துட்டு வர வேண்டியதில்ல. இன்னொரு தாளை மடிச்சு பொட்டலமாக்கி குப்பை போட்டுக்கலாம். அஞ்சு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் விக்கிற தாள் ஒரு சுத்தமான எல்லையா மாறுது. இந்த எளிமைக்காகவே இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

உள் அறையில கிட்னி ட்ரே, ஃபோர்செப்ஸ், தெர்மாமீட்டர், காஸ் துணி, ஸ்பிரிட் விளக்கு, டெஸ்ட் ட்யூப், பெனடிக்ட் கரைசல். சிறுநீர்ல சர்க்கரை பார்க்க 5 மில்லி பெனடிக்ட் ஊத்தி முதல்ல கொதிக்க வைக்கணும், அது நீலமாவே இருந்தா கரைசல் நல்லா இருக்கு. அப்புறம் எட்டு சொட்டு சிறுநீர் விட்டு மறுபடி கொதிக்க வெச்சு ஆறவிடணும். நீலம்னா சர்க்கரை இல்ல. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்புன்னு போகப் போக அளவு கூடுது. ட்யூப் வாய் யார் முகத்தையும் பார்த்து இருக்கக் கூடாது, திடீர்னு பொங்கித் தெறிக்கும். ஸ்பிரிட் விளக்கோட மூடி இறுக்கமா இருக்கான்னு கிளம்பும்போதே பாருங்க. இல்லேன்னா பஸ் குலுங்கற குலுங்கல்ல மொத்தப் பஞ்சும் ஸ்பிரிட்ல ஊறியிருக்கும்.

வேலை முடிஞ்சா பயன்படுத்தினதைச் சுத்தம் பண்ணி, கை கழுவி, அதுக்கப்புறம்தான் பையைத் திறந்து உள்ளே வைக்கணும். ஏப்ரனோட வெளிப்பக்கம் அழுக்கு, அதனால அது உள்ளே போற மாதிரி மடிக்கணும். விரிச்ச தாள் பைக்குள்ள திரும்ப வராது.

இப்ப உங்க கோட் பாக்கெட்டை நினைச்சுப் பாருங்க. ஒரு வீட்டுக்குப் போற பைக்கு இத்தனை கட்டுப்பாடு. முப்பது கட்டில் இருக்கிற வார்டுல சுத்தற பாக்கெட்டுக்கு ஒண்ணுமே இல்ல!

அதனால பாக்கெட்டையும் ரெண்டு அறையா நினைங்க. இது பாடப் புத்தகத்துல இருக்கிற விதி இல்ல, அதே கருத்தை வார்டுக்குக் கொண்டு வர்ற யோசனை. வலது பாக்கெட் உங்களோடது: நோட்டு, பேனா, ஹேண்ட் ரப். இடது பாக்கெட் நோயாளியைத் தொட்டது: டார்ச், கத்தரிக்கோல், மைக்ரோபோர். ஹேண்ட் ரப் போட்டு 20 முதல் 30 நொடி தேய்ச்ச பிறகுதான் கை இடதுல இருந்து வலதுக்குப் போகணும். கிளவுஸுக்கு ரெண்டுலயும் இடமில்ல. புதுசு டப்பாவுல இருக்கட்டும், கழட்டினது அங்கேயே மருத்துவக் கழிவு போடற சிவப்புப் பைக்குப் போகட்டும்.

[காட்சி: கத்தரிக்கோல் அலகு, மிக நெருக்கத்துல. பசை மேல நூலும் தூசியும்.]

இதைப் பாருங்க. பிளாஸ்டர் வெட்ட வெட்ட அலகுல பசை படியுது, பசையில நூலும் தூசியும் ஒட்டுது. அப்புறம் இது அடுத்த நோயாளியோட தோல்கிட்ட போகுது. ஸ்பிரிட் பஞ்சால ரெண்டு அலகையும் திருகாணி இருக்கிற இடத்தையும் துடைங்க, பசை கரைஞ்சு வந்துடும். மழுங்கின முனை இருக்கிற அலகுதான் கட்டுக்கு அடியில போகணும், அது தோலைக் குத்தாது. ஸ்டெரைல் டிரெஸ்ஸிங்குக்கு இந்தக் கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது.

ஸ்டெத்தோட டயஃப்ரத்தை, அதாவது நெஞ்சுல வைக்கிற வட்டப் பகுதியை, ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவுல துடைங்க. வெறும் கழுத்துல போடாதீங்க, வியர்வையும் எண்ணெயும் பட்டுப் பட்டு ட்யூப் விறைச்சுப் போகும். பி.பி. அப்பரேட்டஸ் பையில இடி வாங்கினா முள் பூஜ்யத்துல நிக்காது, அதைப் பார்க்காம அளந்தா எல்லார் பி.பி.யும் தப்பு.

ஊசி விஷயத்தைச் சத்தமா சொல்றேன். மூடி போட்டிருந்தாலும் ஊசியோட சிரிஞ்ச் பாக்கெட்டுக்குள்ள போகவே கூடாது. பயன்படுத்தின ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குத்தான். குத்திடுச்சுன்னா பிதுக்காதீங்க, வாயில வைக்காதீங்க. ஓடற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே இன்சார்ஜ் சிஸ்டர்கிட்டயும் உங்க மேடம்கிட்டயும் சொல்லுங்க. திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க தங்கச்சி, தம்பி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைன்னு டாக்டர் முடிவு பண்ணினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸையும் போஸ்டிங்குக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுக்கோங்க.

கடைசியா அந்தத் துண்டுச் சீட்டு. பேர் எழுதாம கட்டில் நம்பர் மட்டும் எழுதுங்க. வார்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி சார்ட்ல ஏத்திட்டுக் கிழிச்சுப் போடுங்க. ஒருத்தரோட நோய் விவரம் டவுன் பஸ் சீட்டுக்கு அடியில கிடக்கக் கூடாது.

உங்க வார்டுல நைட் டியூட்டி நோட்ஸ் எந்த மையில எழுதறாங்க? கமெண்ட்ல ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், ஊரும் மை நிறமும் மட்டும் எழுதுங்க. அடுத்த வீடியோவுல கேஸ் ஷீட்டைத் திறக்கலாம்.