நடுகல் வேறு, மெய்க்கீர்த்தி வேறு

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிவது நேப்பியர் பாலத்தைத் தாண்டிக் கோட்டைக்குப் போகும் வழியில் உள்ள போர் நினைவுச் சின்னம். காலை ஆறரை மணி ஆகிறது. ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை போட்டிருந்தும் கடற்காற்றின் இரைச்சல் சில இடங்களில் கேட்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போரைத் தவறு என்று நினைப்பவர், அந்தப் போரில் நிற்கும் படைவீரருக்கு ஆதரவாக இருக்க முடியுமா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். முடியும் என்று நான் நினைக்கிறேன். இதைக் காஷ்மீரையோ லடாக்கையோ வைத்துப் பேசுவது நமக்கு எளிது, ஏனெனில் அங்கே சுடப்படுபவர் நம் சொந்தக்காரர் இல்லை. சென்னையில் நின்றுகொண்டு இதைப் பேசுகிறவர், இந்தியப் படை இலங்கைக்குப் போன 1987-ஐத் தொடாமல் நகர்ந்தால், பேச வேண்டியதில் பாதியை விழுங்கிவிட்டார் என்றுதான் பொருள்.

2025 மே 10 அன்று மாலை, காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்திலிருந்து இந்தச் சின்னம் வரை, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலைமையில் படைவீரர்களுக்கு ஆதரவாகப் பேரணி நடந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நானும் நின்றேன். அப்போது எனக்கு வேறொரு மாதம் நினைவுக்கு வந்தது. 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பிய இந்திய அமைதிப்படையை வரவேற்க, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படைக்கு வரவேற்பு அளிக்க மாட்டேன் என்பது அவருடைய நிலைப்பாடு. ஒரே நகரம், ஒரே கட்சி, தந்தையும் மகனும். இதை வைத்துக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. அன்று அந்தக் கப்பல் ஒன்றிலிருந்து இறங்கியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர் என்பதால் சொல்கிறேன்.

இளைய தலைமுறைக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. முதலில் மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு நேரடிப் போர் மூண்டது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து புறப்பட்டபோது, இந்தியத் தரப்பில் சுமார் 1,200 வீரர்கள் இறந்திருந்தார்கள். ஈழத்தில் எத்தனை பொதுமக்கள் இறந்தார்கள் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு இல்லை.

பெரியப்பா சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தார். தமிழ் தெரிந்தவர் என்பதால், ரேடியோ பெட்டியோடு சேர்த்து மொழிபெயர்க்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. வவுனியாவுக்கு அருகே ஒரு சோதனைச் சாவடியில், பையைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு மூதாட்டியிடம் அவர் தமிழில் சொன்னபோது, அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் தமிழோ தம்பி?" என்று கேட்டாராம். "ஆமாம்மா" என்றாராம் இவர். அந்த அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து காட்டிவிட்டு நடந்துவிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகால சர்வீஸில் பெரியப்பா திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது ஒன்றுதான். துப்பாக்கி வரும் கதை ஒன்றைக்கூட அவர் எங்களுக்குச் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் சாலிகிராமத்தில் இருந்தோம். மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. அந்த வீட்டு அக்கா அங்கே ஆசிரியையாக இருந்தவர். 1987 அக்டோபரில் ஷெல் விழுந்து அவருடைய தம்பி இறந்திருந்தார். பெரியப்பா டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய வாரத்தில், கீழ் வீட்டிலும் மேல் வீட்டிலும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. காரணம் புரியாவிட்டாலும் அந்த அமைதி நினைவிருக்கிறது. ஒரு நாள் அக்கா கீழே இறங்கி வந்து என் பாட்டியிடம் சொன்னார்: "உங்கட மகன் உயிரோட வந்தது எனக்கும் சந்தோசம்தான் அம்மா. ஆனா அந்த உடுப்பை மட்டும் மொட்டை மாடிக் கொடியில காயப் போடாதேங்கோ." பாட்டி சரி என்றார். அன்றிலிருந்து அந்தச் சீருடை எங்கள் பின்கட்டில், மின்விசிறிக்குக் கீழே காய்ந்தது.

போரை எதிர்த்துக்கொண்டே போர்வீரரை ஏற்பது எப்படி என்று என்னிடம் யாராவது கேட்டால், தம்பியை இழந்த ஒருவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களைத்தான் சொல்வேன். உயிரோடு வந்த மனிதர் மீது அவருக்கு வெறுப்பு இல்லை. ஆனால் அந்தச் சீருடையை அங்கே அனுப்பிய முடிவைத் தன் தலைக்கு மேல் கொடிபோலப் பறக்கவிட அவர் சம்மதிக்கவில்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் காலத்துக் கற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தொறுப் பூசல் (அதாவது கால்நடை கவரும் சண்டை), அதில் பட்டவன் யார் என்ற அளவில்தான் செய்தி இருக்கும். ஆநிரையைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. அரசன் அடைந்த வெற்றிகளை அடுக்கிச் சொல்வது மெய்க்கீர்த்தியின் வேலை. முதலாம் இராசராசன் தன் கல்வெட்டுகளில் ஈழ மண்டலம் வென்றதைச் சொல்லிக்கொண்டது அந்த வகை. வீரனுக்கு நட்ட கல்லின் முன் பூப்போடுகிறவர் அரசனின் மெய்க்கீர்த்தியையும் சேர்த்து ஓத வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. இன்று தொலைக்காட்சி விவாதங்களில் நம்மிடம் கேட்கப்படுவது அதுதான்: கல்லை வணங்குகிறாயா, அப்படியானால் மெய்க்கீர்த்தியையும் பாடு என்கிறார்கள்.

எனக்குப் பின்னால் நிற்கும் இந்தச் சின்னத்தையே பாருங்கள். முதல் உலகப் போரில் நேச நாடுகள் வென்றதற்காக வெள்ளைக்கார அரசு எழுப்பியது இது. அந்த வெற்றி நம்முடையதா, அந்தப் போரால் சென்னை மாகாணத்துக்கு என்ன கிடைத்தது என்றெல்லாம் இங்கே மலர்வளையம் வைக்கும்போது யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது சரியும்கூட. அமெரிக்கர்கள் வாஷிங்டனில் வியட்நாம் போருக்காக 1982-இல் எழுப்பிய கருங்கல் சுவரிலும் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள்தான் இருக்கின்றன; அந்தப் போர் சரியா தவறா என்று அந்தச் சுவர் வாதாடுவதில்லை.

சரி, கல்லுக்கு முன்னால் மௌனமாக இருக்கலாம். போர் நடக்கும்போது? "வீரர்கள் எல்லையில் நிற்கும்போது கேள்வி கேட்காதே" என்ற வாதத்தை நான் மதித்துக் கேட்டிருக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிறது. அதன்படி பணியில் இருக்கும் சிப்பாய் அரசியல் கூட்டத்தில் பேச முடியாது, அனுமதியில்லாமல் பத்திரிகைக்கு எழுத முடியாது, சங்கம் வைக்க முடியாது. ஒழுங்குள்ள ஒரு படைக்கு அது தேவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், "என்னை எதற்காக அங்கே அனுப்புகிறீர்கள்?" என்று கேட்கும் வாயை அவரிடமிருந்து நாம் வாங்கி வைத்திருக்கிறோம். வாங்கி வைத்தவர்களும் கேட்காவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நாட்டில் ஒருவருமே மிஞ்சுவதில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1987 அக்டோபர் 11 இரவைச் சொல்லலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் புலிகளின் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கும் திட்டம் அது. எதிரிக்குத் தகவல் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இறங்கியவர்களில் 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த 30 பேர் தனியே மாட்டிக்கொண்டார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். தோட்டா தீரும்வரை சண்டையிட்டார்கள் என்று அவர்களின் வீரத்தை எல்லோரும் எழுதினார்கள். அந்த வீரத்தைப் பற்றி எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வீரத்தைப் புகழ்ந்து எழுதிய பக்கங்களுக்குக் கீழே, போதிய உளவுத் தகவல் இல்லாமல் அவர்களை அங்கே இறக்கியது யார் என்ற கேள்வி மூடிக்கொண்டது.

அதே போல அமைதிப்படையின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும், தன்னைச் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்துத் திருப்பிச் சுட்டுவிட்டு இறந்தார். இறப்புக்குப் பின் பரம்வீர் சக்ரா பெற்றார். பரங்கிமலையில் பயிற்சி பெற்றவர். இன்றும் அங்கே அதிகாரிகளின் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடக்கும் மைதானத்துக்கு அவர் பெயர்தான். சாலிகிராமத்தில் ராணுவக் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்றுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதையும் கோபமும் ஒன்றாக வரும். கோபம் அவர் மீது இல்லை.

இனி, சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபோது, மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். ஆதரவு என்ற சொல்லுக்குள் இதை மூடி மறைப்பதும் அடங்கும் என்றால், எனக்கு அந்த ஆதரவு வேண்டாம். பெரியப்பாவிடம் ஒரே ஒரு முறை இதைக் கேட்டேன். நீண்ட நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்துவிட்டு, "செய்தவன் யார்னு பேர் சொல்லித் தண்டிச்சிருந்தா, மத்தவங்க எல்லாம் நிமிர்ந்து நடந்திருப்போம்" என்றார். வெளியிலிருந்து பேசும் நமக்குத் தோன்றாத கணக்கு அது. குற்றத்தை மூடிவைத்தால் செய்தவர் தப்பிக்கிறார்; அதில் கை வைக்காதவர்மேல் பழி ஒட்டிக்கொள்கிறது. பெரியப்பா அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

ஆகவே 1990-இல் முதலமைச்சர் வரவேற்புக்குப் போகாதது தவறா என்று கேட்டால், மேடைக்குப் போகாததில் எனக்குக் குறை இல்லை. அந்த மேடை அரசாங்கத்தின் மெய்க்கீர்த்திக்காகப் போட்ட மேடை. ஆனால் அரசியல் மேடையைப் புறக்கணித்த அதே நாளில், கால் இழந்து ராணுவ மருத்துவமனையில் கிடந்த தமிழ்ப் பையன்களை ஓசையில்லாமல் போய்ப் பார்த்திருக்க நம் ஊரில் எத்தனையோ பேருக்கு வாய்ப்பு இருந்தது. எங்கள் தெருவில் அதைச் செய்தவர் என்று ஒருவரையும் எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டுக்கும் யாரும் வரவில்லை, மாடியிலிருந்து இறங்கி வந்த அந்த அக்காவைத் தவிர.

ஆதரவு என்றால் என்ன செய்வது என்பதில் எனக்குப் பெரிய தத்துவம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் படகோடு வந்த படைவீரர்களைப் பார்த்துக் கைதட்டிய நம்மில் பலருக்கு, டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள் என்பது உண்டியல் எதிரே வரும்போதுதான் நினைவுக்கு வருகிறது. 2022-இல் அக்னிபாத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு படையில் சேரும் பையன்களில், நான்கு ஆண்டுக்குப் பின் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுபவர்கள் 25 விழுக்காடு வரைதான். மற்றவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. போர் வரும்போது தேசியக் கொடியை ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் அந்தக் கணக்கை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்கலாம்.

பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மாவின் குடும்ப ஓய்வூதியம் பதினொரு மாதம் நின்றுபோனது. பழைய ஆவணத்தில் பெரியம்மாவின் பெயரில் 'ள' வர வேண்டிய இடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஓர் அலுவலகத்தில் வேறொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்தையே காட்டினார்கள். கடைசியில் படைத்துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆவணமாக ஏற்றி, மூன்று முறை திரும்பி வந்ததை நான்காம் முறை சரிசெய்து கொடுத்தது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். எல்லாப் போரையும் எதிர்ப்பவள் அவள். கல்லூரியில் போர் எதிர்ப்புப் பதாகை பிடித்துத் திட்டு வாங்கியவள்.

வருகிற நவம்பரில் பெரியம்மா உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கைரேகை தேய்ந்துவிட்டதால் கருவி சென்ற முறை ஏற்கவில்லை. முகத்தை வைத்துப் பதிவு செய்யலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வைக்க வேண்டும். அதற்கு மேலே அந்தச் சீருடை மடித்து வைத்திருக்கிறது. பெரியம்மா வருடத்துக்கு ஒரு முறை அதை எடுத்து உதறி, இன்றும் வீட்டுக்குள்ளேயேதான் காயப் போடுகிறார்.